ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது, அடுத்து என்னென்ன காகிதம்?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்ற மின்னஞ்சல் வந்த அன்று யாருக்கும் தூக்கம் வராது. எல்லோருக்கும் சொல்லி முடித்துவிட்டு, மறுநாள் காலையில் அந்தக் கடிதத்தை மறுபடி திறந்து எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், படிப்பின் பெயர், தொடங்கும் நாள், முடியும் நாள் எல்லாம் சரியா என்று பாருங்கள். இதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு காகிதமும் இந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் தயாராகும்.

எனக்கு வந்த கடிதத்தில் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. போய்ச் சேர்ந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். விசாவுக்காகப் பல்கலைக்கழகம் கொடுத்த ஆவணத்தில் அதே பிழை வந்தது. அதை வைத்து எடுத்த மருத்துவக் காப்பீட்டிலும் அதே பிழை. விசா விண்ணப்பத்தில் மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி நிரப்பினேன், இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொன்றாகத் திருத்தி வாங்க ஐந்து வாரம் போய்விட்டது. முதல் நாளே இரண்டு வரி எழுதிப் போட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்க விசா விண்ணப்பத்தில் உங்கள் ஒற்றைப் பெயர் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய்விடும், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அப்புறம் வங்கியிலும் அடையாள அட்டையிலும் உங்களை அந்தப் பெயரிலேயே கூப்பிடுவார்கள். பாஸ்போர்ட்டைத் திருத்த நேரம் இருந்தால் மற்ற காகிதங்கள் கிளம்புவதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள்.

கடிதம் நிபந்தனையோடு வந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். கண்டிஷனல் ஆஃபர் என்றால் இறுதி மதிப்பெண் பட்டியலோ மொழித்தேர்வு மதிப்பெண்ணோ இன்னும் பாக்கி என்று பொருள். டிரான்ஸ்கிரிப்ட், அதாவது பாடவாரியான மதிப்பெண் பட்டியல், உங்கள் கை படாமல், பழைய கல்லூரியிலிருந்து நேரே வர வேண்டும் என்று பல இடங்களில் கேட்பார்கள். பழைய கல்லூரி அலுவலகம் எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பது உங்களுக்கே தெரியும், அதனால் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

ஆஃபர் லெட்டரை மட்டும் வைத்துப் பல நாடுகளில் விசா கேட்க முடியாது. நிபந்தனையெல்லாம் தீர்ந்து, இடத்தை ஏற்றுக்கொண்டு, கேட்ட முன்பணமும் கட்டிய பிறகு இன்னோர் ஆவணம் வரும். அமெரிக்காவுக்கு ஐ-20, விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் படிவம். அதில் 'என்' என்ற எழுத்தில் தொடங்கும் செவிஸ் எண் இருக்கும், வெளிநாட்டு மாணவர்களை அமெரிக்க அரசு பதிந்துவைக்கும் அமைப்புதான் செவிஸ். அந்த எண்ணை வைத்துத்தான் செவிஸ் கட்டணம் கட்ட வேண்டும், டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தையும் நிரப்ப வேண்டும். பிரிட்டனில் கேஸ் (சிஏஎஸ்) என்பார்கள், உங்களைச் சேர்த்துக்கொண்டதைப் பல்கலைக்கழகம் உறுதிசெய்வது. அது வெறும் எண்தான், காகிதமாக எதுவும் வரவில்லையே என்று பயந்துவிடாதீர்கள். அந்த எண் வந்த ஆறு மாதத்துக்குள் அதை வைத்து விண்ணப்பிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் சிஓஇ, அதாவது சேர்க்கை உறுதிச் சான்று. கனடாவில் 2024 ஜனவரியிலிருந்து, அனுமதிக் கடிதத்தோடு மாகாணம் தரும் சான்றுக் கடிதமும் பலருக்குத் தேவைப்படுகிறது. அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுகலை, முனைவர் படிப்புக்குப் போகிறவர்களுக்கு 2026 ஜனவரி 1 முதல் விலக்கு உண்டு.

அதிகம் பேர் வழுக்கி விழுவது பணச்சான்றில்தான். பணம் இருக்கிறது என்பது மட்டும் போதாது, எத்தனை நாளாக இருக்கிறது என்றும் பார்ப்பார்கள். பிரிட்டனுக்குப் பணச்சான்று காட்ட வேண்டியவர்கள், தேவையான தொகையைத் தொடர்ந்து 28 நாள் கணக்கில் வைத்திருக்க வேண்டும். அந்த 28 நாள் முடியும் தேதி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 31 நாளுக்குள் விழ வேண்டும். என் அறைத்தோழர் இருபதாவது நாள் சின்னக் கட்டணம் ஒன்றை அதே கணக்கிலிருந்து கட்டினார். மீதி, தேவையான தொகைக்குக் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. மறுநாளே நிரப்பினாலும் எண்ணிக்கை ஒன்றிலிருந்துதான் தொடங்கியது. கேட்கும் தொகைக்கு மேலே கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவிட்டு, அந்தக் கணக்கைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

ஜெர்மனியில் வேறு வழி. ஓராண்டுச் செலவுக்கான பணத்தை முடக்கப்பட்ட கணக்கில், அதாவது ஸ்பெர்கோண்டோவில் போட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. போய்ச் சேர்ந்த பிறகு மாதம் 992 யூரோதான் வெளியே வரும். முதல் மாத வாடகை, வீட்டு முன்பணம் இரண்டுக்கும் இதை நம்பினால் திண்டாடிப் போவீர்கள், தனியாகக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் முத்திரையோ (வெளிநாட்டில் ஏற்பதற்காக அரசு வைப்பது), அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்போ கேட்டால் விசா தேதிக்குக் காத்திருக்காமல் உடனே தொடங்குங்கள். காசநோய்ப் பரிசோதனை, மருத்துவப் பரிசோதனை கேட்கும் நாடுகள் தங்கள் பட்டியலில் உள்ள மருத்துவரோ மருத்துவமனையோ தந்த சான்றைத்தான் ஏற்கும்.

விமானம் ஏறும்போது எல்லா அசல்களும் கைப்பையில், உங்கள் காலடியில் இருக்கட்டும். பெரிய பெட்டியில் போடாதீர்கள். இமிக்ரேஷன் அதிகாரி கேட்கும்போது பெட்டி இன்னும் உங்கள் கைக்கு வந்திருக்காது. அமெரிக்காவுக்கு எஃப்-1 என்ற மாணவர் விசாவில் முதல் முறை போகிறவர்கள் படிப்பு தொடங்குவதற்கு 30 நாளுக்கு முன்னால் நுழைய முடியாது, டிக்கெட் எடுக்கும் முன் ஐ-20யில் உள்ள தேதியைப் பாருங்கள். கனடாவில் ஸ்டடி பெர்மிட் காகிதத்தை எல்லையில்தான் அச்சிட்டுத் தருவார்கள். வரிசை நீளமாக இருக்கும், உடம்பு அசந்திருக்கும், வாங்கி மடித்து வைத்துவிட்டு வெளியேறத்தான் தோன்றும். ஆனாலும் கவுன்டரை விட்டு நகராமல் பெயரையும் முடியும் தேதியையும் படித்துவிடுங்கள். அங்கே சொன்னால் அப்போதே மாற்றிக் கொடுப்பார்கள், வெளியே வந்தபின் அதற்கே தனி விண்ணப்பம்.

இறங்கியதோடு முடியவில்லை. பிரான்ஸில் நீண்டகால மாணவர் விசாவை வந்த 3 மாதத்துக்குள் இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும், மறந்தால் அந்த விசாவுக்கே மதிப்பில்லை. ஜெர்மனியில் வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் வேண்டும், அதனால் வாடகை பேசும்போதே அதைத் தருவாரா என்று கேளுங்கள், தயங்கினால் அந்த வீடு வேண்டாம். பிரிட்டனில் இப்போது கையில் அட்டை எதுவும் கிடையாது, இ-விசாதான். அதற்கான இணையக் கணக்கில் எந்தத் தொலைபேசி எண்ணைக் கொடுத்தீர்கள் என்று பாருங்கள், சிம் மாற்றிய பிறகு உள்ளே நுழைய முடியாமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

வங்கியில் முகவரிச் சான்று கேட்பார்கள், வீட்டுக்காரர் வங்கிக் கணக்கு கேட்பார். இந்தச் சுற்றில் மாட்டினால் பல்கலைக்கழகத்தின் மாணவர் அலுவலகத்துக்குப் போய் வங்கிக்கான கடிதம் ஒன்று கேளுங்கள். பல இடங்களில் கேட்ட சில நாளில் தருகிறார்கள், கேட்காதவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. முதல் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் முன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில், ஐ-20யின் இரண்டாம் பக்கத்தில் பயணத்துக்கான கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். படிக்கும் காலத்தில் அந்தக் கையெழுத்து ஓராண்டுக்குச் செல்லும். விடுமுறை நெருங்கினால் அலுவலகத்தில் கூட்டம் சேர்ந்துவிடும், டிக்கெட் போட்ட வாரமே போய் வாங்கிவிடுங்கள்.