மாசமா இருக்கும்போது வயிறு பண்ற கூத்து, உங்களுக்கு எப்படி இருந்துச்சு?

எனக்கு இப்போ எட்டாம் மாசம் நடக்குது. இத்தனை மாசமா வயித்தோட பட்ட பாட்டை கொட்டிடறேன், அனுபவப்பட்டவங்க நீங்களும் சொல்லுங்க.

மசக்கை நாலாம் மாசத்தோட நின்னுச்சு, அப்பாடான்னு இருந்தப்போதான் ஆரம்ப சுகாதார நிலையத்துல அந்த சிவப்பு அயர்ன் மாத்திரை குடுத்தாங்க, தினம் ஒண்ணு, 180 நாள். ஒரு வாரம் கூட ஆகல, வயிறு கல்லு மாதிரி ஆயிடுச்சு. மூணு நாளைக்கு ஒரு தடவை போறதே பெரும்பாடு, அதுவும் கண்ணுல தண்ணி வந்துடும். போனாலும் கன்னங்கரேல்னு போகுது, ரத்தம்தானோன்னு பயந்து ஒரு ராத்திரி முழுக்க தூங்கல. வெக்கத்தை விட்டு நர்சம்மாகிட்ட கேட்டா, "அயர்ன் போட்டா கருப்பாத்தான்மா போகும், இதுக்குப் போயா அழுத"ன்னுட்டாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க.

அதோட விட்டிருக்கலாம். நான் மாத்திரையவே நிறுத்திட்டேன். யாருகிட்டயும் சொல்லல, தினமும் ஒண்ணைப் பிரிச்சு ஜன்னலுக்கு வெளிய இருக்கற செம்பருத்தித் தொட்டியில போட்டுடுவேன். எங்க அத்தை ஒருநாள் செடிக்குத் தண்ணி ஊத்தப் போயி, மண்ணுல சிவப்பா என்னமோ கரைஞ்சு கிடக்குன்னு குச்சியால கிளறிப் பாத்திருக்காங்க. அப்புறம் வீட்ல நடந்ததைச் சொல்ல வேண்டியதில்ல. அந்த மாசம் செக்கப்ல ஹீமோகுளோபின் 10.4ல இருந்து 9.3க்கு இறங்கிடுச்சு, 11 இருக்கணுமாம்.

டாக்டரம்மா திட்டுவாங்கன்னுதான் போனேன், திட்டல. "மாத்திரை போட்டப்போ எப்போ போட்ட, எதோட போட்ட?"ன்னு மட்டும் கேட்டாங்க. காலைல டிபன் முடிச்ச கையோட அயர்ன், கால்சியம் ரெண்டையும் முழுங்கிட்டு அது மேலயே ஒரு டம்ளர் காபி, நெஞ்செரிஞ்சா உடனே அந்த பிங்க் கலர் ஜெல் ரெண்டு மூடின்னு சொன்னேன். தலையில கைய வெச்சுட்டாங்க. கால்சியம், காபி, டீ, பால், ஜெல் எல்லாமே அயர்னை உடம்புல சேர விடாதாம், வயித்துக் கஷ்டத்தையும் பட்டுட்டு பலனும் இல்லாம இருந்திருக்கேன். இப்போ கால்சியம் காலைலயும் மதியமும் சாப்பாட்டுக்கு அப்புறம், அயர்ன் ராத்திரி சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு. எலுமிச்சை ஜூஸோட போடச் சொன்னாங்க, எனக்கு அது நெஞ்சை எரிச்சுச்சு, அதனால அரை கொய்யாப்பழத்தோட போடறேன். மலச்சிக்கலுக்கு ஒரு சிரப் எழுதிக் குடுத்தாங்க, அதோட காலைல ரெண்டு டம்ளர் வெதுவெதுன்னு தண்ணி, மதியம் கீரையோ வாழைத்தண்டோ ஏதாவது ஒண்ணு. பத்து நாள்ல ஓரளவு சரியாச்சு. அத்தை விளக்கெண்ணெய் ஒரு ஸ்பூன் குடிச்சா ஒரே நாள்ல சரியாயிடும்னு எடுத்துட்டே வந்துட்டாங்க, டாக்டர் அதை மட்டும் தொடவே கூடாது, வலி கிளம்பிடும்னு சொன்னதால தப்பிச்சேன்.

நெஞ்செரிச்சல் மட்டும் போகல. குழந்தை மேல தள்ளுது, ஹார்மோன்னால இரைப்பை மேல் வாசலும் லூசாயிடுதாம், குனிஞ்சா புளிச்ச தண்ணி தொண்டை வரைக்கும் வருது. ராத்திரி ஏழரைக்கே இட்லி சாப்பிட்டு, தலைப்பக்கம் உயர்த்தி இடது பக்கமா படுத்தா கொஞ்சம் பரவால்ல. புளிக்குழம்பு ராத்திரில கட். அதுதான் சோகம்.

– – –

நான் வேற ஒருத்தங்களோட வீட்டுக்காரர், எழுதலாம்ல? எங்களுக்கு ஆறாம் மாசத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து என் மனைவிக்கு லூஸ் மோஷன். எனக்கும்தான், ஆனா நான் ரெண்டு தடவையில தப்பிச்சேன், இவ மதியத்துக்குள்ள எட்டு தடவை. நான் பெரிய ஆளு மாதிரி மெடிக்கல் ஷாப்ல பேதி நிறுத்தற மாத்திரை கேட்டேன், கடைக்காரர் மாசமா இருக்காங்களான்னு கேட்டுட்டு குடுக்க மாட்டேன்னுட்டார், ஓஆர்எஸ் பாக்கெட் நாலு குடுத்து டாக்டரைப் பாருங்கன்னார். அப்போ கடுப்பாத்தான் இருந்துச்சு.

அடுத்த கூத்து என்னோடது. ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் ஆறவெச்ச தண்ணியில கலக்கணும், அதுலயே போட்டிருக்கு, நான் படிக்கல. ஸ்ட்ராங்கா இருந்தா நல்லதுன்னு ஒரே டம்ளர்ல முழு பாக்கெட்டையும் கொட்டிக் குடுத்துட்டேன். உப்பு கரிக்குதுன்னு ஒரு வாய் குடிச்சுட்டு வாந்தி எடுத்துட்டா. சாயங்காலம் வயிறு விட்டு விட்டு இறுக ஆரம்பிச்சுது, யூரின் மஞ்சளா கொஞ்சூண்டுதான் போகுது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். உடம்புல தண்ணி வத்தினா கர்ப்பப்பையும் இறுகுமாம், டிரிப்ஸ் ரெண்டு பாட்டில் ஏறினதும் அடங்கிடுச்சு. அடுத்த மூணு நாள் கஞ்சி, மோர், சரியா கலக்கின ஓஆர்எஸ். லிட்டர் பாட்டில்ல மார்க்கர்ல கோடு போட்டு வெச்சேன், இன்னும் அது ஃப்ரிட்ஜ்ல இருக்கு.

– – –

எல்லாரும் சிரிச்சுட்டே எழுதறீங்க, நான் கொஞ்சம் பயமுறுத்தறேன், மன்னிச்சுக்கோங்க.

எனக்கு 34வது வாரம், வளைகாப்பு முடிஞ்சு ரெண்டாம் நாள். வலது பக்கம் விலா எலும்புக்குக் கீழ ஒரு வலி, குத்தற மாதிரி இல்ல, உள்ள யாரோ கைய வெச்சு அழுத்தற மாதிரி. வீட்ல எல்லாருக்கும் ஒரே பதில்தான், அஞ்சு வகை கலவை சாதம் தின்னல்ல, வாயுப் பிடிப்பு. ஓமத்தண்ணி குடிச்சேன், இஞ்சிச் சாறு, பெருங்காயத்தைக் கரைச்சு தொப்புளைச் சுத்தித் தடவிக்கூட பாத்தாச்சு. வாந்தியும் வந்துச்சு, அதனால எனக்கே அஜீரணம்னுதான் தோணுச்சு. தலைவலி இருந்ததை நான் யாருகிட்டயும் சொல்லல, தூக்கமில்லாததாலன்னு நினைச்சேன். ராத்திரி சுவத்துல மின்மினி மாதிரி பறந்தப்போதான் எங்க அண்ணி கைய பிடிச்சு எழுப்பி ஆட்டோல ஏத்தினாங்க, முகம் வீங்கியிருக்குன்னு அவங்க மட்டும்தான் கவனிச்சிருக்காங்க.

போனதும் பிபி 160/110. யூரின்ல புரதம், ரத்தத்துல தட்டணு குறைஞ்சு, ஈரல் டெஸ்ட் எல்லாம் எகிறி இருக்கு. பிபியால ஈரல் பாதிச்சு வந்த வலிதான் அது, சாப்பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஃபிட்ஸ் வராம இருக்க மெக்னீசியம் ஊசி போட்டு அன்னிக்கு விடியக்காலமே ஆபரேஷன். குழந்தை 1.9 கிலோ, பன்னெண்டு நாள் இன்குபேட்டர்ல இருந்தான். இப்போ மூணு வயசு, வீட்டைத் தலைகீழா புரட்டறான்.

அதனால அஞ்சாம் மாசத்துக்கு மேல, மேல் வயித்துல வலி வந்து கூடவே தலைவலி, கண்ணு மங்கல், முகம் வீக்கம் எது இருந்தாலும் ஓமத்தண்ணியை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல ஓடிப் போயி பிபி பாருங்க.

– – –

அக்கா, இதைப் படிச்சதும் கை நடுங்கிருச்சு. எனக்கும் நேத்து மேல் வயிறு இறுக்கமா இருந்துச்சு, ஜெல் குடிச்சுட்டு படுத்துட்டேன். இன்னிக்குக் காலைல முதல் வேலையா போயி பாத்தேன், 110/70, யூரின்லயும் ஒண்ணுமில்ல, நெஞ்செரிச்சல்தான்னு சொல்லிட்டாங்க. அண்ணா, அந்த கோடு போட்ட பாட்டில் ஐடியாவை எங்க வீட்டுக்காரர்கிட்ட காட்டினேன், மார்க்கர் தேடிட்டு இருக்கார்.