ஏஐ உதவியாளர் ஓட்டும் வீட்டு ரோபோ: தடுப்பை எங்கே வைப்பது?

இருசக்கரம்:

வணக்கம். அம்மாவுக்காக ஒரு சின்ன ரோபோ செய்துகொண்டிருக்கிறேன். அவரால் அதிகம் நடக்க முடியாது. "என் கண்ணாடி எங்கே இருக்கிறது பார்" என்று கேட்டால் அறை அறையாகப் போய்ப் பார்த்து வந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

இரண்டு சக்கரம், முன்னால் ஒரு உருளை, மேலே கேமரா. எடை இரண்டரை கிலோ. மோட்டாரை ஓட்டுவது ஈஎஸ்பி32 என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை, மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் எல்298என் டிரைவர் வழியாக. மேலே ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினி. அதில் ஓடும் பைத்தான் நிரல் ஏஐ உதவியாளரிடம் பேசி, அது சொல்லும் இடது, வலது சக்கர வேகத்தை எம்கியூடிடி (கருவிகள் வைஃபையில் செய்தி பரிமாறும் முறை) மூலம் ஈஎஸ்பி32-க்கு அனுப்பும். முன்னால் ஒரு அல்ட்ராசோனிக் சென்சார் உண்டு.

போன வாரம் வண்டி முன்னே போய்க்கொண்டிருந்தபோது வைஃபை போய்விட்டது. வண்டி நிற்கவில்லை. அம்மா வாக்கரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். வாக்கரின் காலில் முட்டிய பிறகும் சக்கரம் வழுக்கிச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஓடிப்போய்த் தூக்கிவிட்டேன். அம்மா விழவில்லை, ஆனால் என் கை நடுக்கம் அடங்க வெகுநேரம் ஆனது. மறுநாள் காலை ஸ்விட்சைப் போட்டதும், யாரும் எதுவும் சொல்லாமலே வண்டி தானாகக் கிளம்பியது. அன்றிலிருந்து பேட்டரியைக் கழற்றி வைத்திருக்கிறேன்.

பிராம்ப்ட்டில் (ஏஐ-க்கு எழுதிக் கொடுக்கும் அறிவுறுத்தலில்) "மனிதர்களுக்கு அருகில் மெதுவாகப் போ, சந்தேகம் வந்தால் நில்" என்று எழுதியிருக்கிறேன். அதை இன்னும் கடுமையாக எழுதினால் போதுமா? வீட்டில் தவழும் குழந்தையும் இருக்கிறாள், மாடிப்படியும் இருக்கிறது.

பழைய சால்டர்:

தானாகக் கிளம்பியது பற்றி மட்டும் முதலில் சொல்கிறேன். உங்கள் நிரலில் கட்டளையை அனுப்பும் வரியைப் பாருங்கள், ரீட்டெயின் போட்டிருப்பீர்கள். அப்படிப் போட்டால் கடைசியாக வந்த செய்தியை புரோக்கர் (நடுவில் நின்று செய்திகளைக் கடத்தும் நிரல்) வைத்துக்கொண்டு, புதிதாக இணைபவர் எவருக்கும் உடனே கொடுத்துவிடும். இரவு முழுக்க அது வைத்திருந்தது "முன்னே போ" என்ற அந்தப் பழைய கட்டளையைத்தான்.

பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்பது போன்ற நிலைத் தகவலுக்கு ரீட்டெயின் நல்லது. நகரச் சொல்லும் கட்டளைக்கு ஒருநாளும் கூடாது. அதே டாபிக்கில் (செய்தி போகும் முகவரியில்) ரீட்டெயினுடன் ஒரு வெற்றுச் செய்தி அனுப்பினால் பழையது அழிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. கியூஓஎஸ் 1 (செய்தி ஒருமுறையாவது போய்ச் சேர வேண்டும் என்ற அமைப்பு) வைத்து, செஷனையும் (புரோக்கரிடம் உள்ள இணைப்புப் பதிவையும்) நிலையாக வைத்திருந்தால், வண்டி இணைப்பில் இல்லாத நேரத்தில் அனுப்பியவை வரிசையில் காத்திருந்து மொத்தமாக வந்து இறங்கும். இதற்கு நான் செய்வது: ஈஎஸ்பி32 ஒவ்வொரு முறை இணையும்போதும் புதிதாக ஒரு எண்ணை உருவாக்கி பை-க்குச் சொல்லும். அந்த எண் இல்லாமல் வரும் எந்தக் கட்டளையையும் தூக்கி எறிந்துவிடும்.

கீழ்த்தளம்:

அம்மா விழாமல் இருந்ததே பெரிய நிம்மதி. உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன்: போதாது. பிராம்ப்ட்டில் எழுதுவது ஒரு வேண்டுகோள், அது பிரேக் ஆகாது. அன்றைக்கு வைஃபை போன பிறகு ஏஐ எதுவும் சொல்லவே இல்லை. எவ்வளவு கடுமையாக எழுதியிருந்தாலும் அந்த நேரத்தில் அதைப் படிக்க எதிர்முனையில் யாரும் கிடையாது.

சக்கர வேகத்தை ஏஐ கையில் கொடுத்ததுதான் அடிப்படைப் பிழை என்று நினைக்கிறேன். பதில் வர 2 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 40 சென்டிமீட்டர் போகும் வண்டி அதற்குள் 80 சென்டிமீட்டர் போய்விடும். குழந்தை அதற்குள் குறுக்கே வந்துவிடுவாள். ஏஐ-க்கு "இந்த அறைக்குப் போ", "இத்தனை டிகிரி திரும்பு", "பார்", "நில்" ஆகிய நான்கு கருவிகளை (அது அழைக்கக்கூடிய கட்டளைகளை) மட்டும் கொடுங்கள். வேகம் என்று ஒரு அளவுருவே அதில் இருக்கக் கூடாது. உச்ச வேகத்தை ஈஎஸ்பி32 நிரலுக்குள் எழுதிப் பூட்டிவிடுங்கள். இருக்கிற அறைகளின் பெயர்ப் பட்டியலில் இல்லாத எதைக் கேட்டாலும் பை மறுக்க வேண்டும்.

அப்புறம் காலக்கெடு. பை-யிலிருந்து 100 மில்லிநொடிக்கு ஒருமுறை துடிப்பு ("உயிரோடு இருக்கிறேன்" என்ற சிறு செய்தி) வரட்டும். 500 மில்லிநொடி வரவில்லை என்றால் ஈஎஸ்பி32 தானே மோட்டாரை நிறுத்த வேண்டும். ராஸ் 2 என்ற ரோபோ மென்பொருள் தொகுப்பில் இப்படி இரண்டு சக்கர வண்டிகளுக்கு இருக்கும் கன்ட்ரோலரிலும் இயல்பாக வைத்திருப்பது அரை நொடிதான். நொடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் அது 10 சென்டிமீட்டர். இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: துடிப்பைத் தனி திரெட்டில் (நிரலுக்குள் தனியே ஓடும் கிளையில்) ஓட விடுவது. முக்கிய நிரல் உறைந்து கிடக்கும், துடிப்பு மட்டும் "நலமாக இருக்கிறேன்" என்று போய்க்கொண்டே இருக்கும். சென்சாரைப் படித்து, முடிவெடுத்து, சுற்றை முடிக்கிற அதே இடத்திலிருந்துதான் துடிப்பு கிளம்ப வேண்டும்.

ஈஎஸ்பி32 உறைந்தால்? அதற்கு வாட்ச்டாக் (நிரல் உறைந்ததா என்று பார்க்கும் உள் கடிகாரம்) இருக்கிறது, உறைந்தால் ரீசெட் செய்யும்படி அதை அமைக்க வேண்டும். ஆனால் ரீசெட் ஆகும் அந்தக் கணத்தில் பலகையின் பின்கள் (கம்பி இணைக்கும் கால்கள்) என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும். 14-ஆம் பின்னில் பூட் ஆகும்போது சிக்னல் வரும், அதை மோட்டாருக்குப் பயன்படுத்தாதீர்கள். எல்298என் பலகையில் இரண்டு எனேபிள் ஜம்பர்கள் (டிரைவரை இயக்கத்தில் வைக்கும் சிறு இணைப்பு மூடிகள்) இருக்கும். அவை மாட்டியபடியே இருந்தால் டிரைவர் எப்போதும் விழித்தே இருக்கும். கழற்றிவிட்டு, எனேபிள் பின்னை ஈஎஸ்பி32-உடன் இணைத்து, அதிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டர் போடுங்கள். யாரும் வேண்டுமென்றே ஏற்றாதவரை மோட்டார் செத்தே கிடக்கும்.

சென்சார் விஷயம். அல்ட்ராசோனிக் ஒலி துணியில் அமுங்கிவிடும், வாக்கர் கால் போன்ற மெல்லிய உருண்டைக் குழாயில் பட்டு வேறு பக்கம் சிதறிவிடும். அன்று அது பார்க்காமல் விட்டதில் ஆச்சரியமில்லை. சக்கரம் வழுக்கிச் சுற்றியதால் என்கோடர் (சக்கரச் சுற்றை எண்ணும் கருவி) இருந்திருந்தாலும் "போய்க்கொண்டிருக்கிறேன்" என்றுதான் சொல்லியிருக்கும். தரையை ஒட்டி முன்பக்கம் முழுக்க ஒரு பம்பர் பட்டை, உள்ளே இரண்டு மைக்ரோ ஸ்விட்ச். படிக்கட்டுக்கு, கீழ்நோக்கிய இன்ஃப்ராரெட் சென்சார் இரண்டு. கறுப்புத் தரையை அது பள்ளம் என்று தவறாக நினைக்கலாம். நினைத்தால் வண்டி நிற்கும், பரவாயில்லை. இவை எல்லாம் ஈஎஸ்பி32-இல் நேராக இணைய வேண்டும், பை வழியாகச் சுற்றிவரக் கூடாது.

நிறுத்தும் பொத்தான் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை மட்டும் வெட்டட்டும். பை உயிரோடு இருந்தால் என்ன நடந்தது என்று பிறகு பார்க்கலாம். உங்கள் அம்மாவால் குனிய முடியாது என்பதால் வாக்கரில் இன்னொரு ஈஎஸ்பி32-உடன் ஒரு பொத்தான் வையுங்கள். ஈஎஸ்பி-நவ் என்ற முறையில் இரண்டும் ரூட்டர் இல்லாமலே பேசிக்கொள்ளும்.

குழந்தை தரையில் இருக்கும்போது வண்டி ஓடவே வேண்டாம். சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடுக்கு அவள் விரலுக்குப் போதும். இதில் மட்டும் எந்த சென்சாரையும் நம்பாதீர்கள்.

வாசல் காப்பு:

மேலே சொன்னதோடு ஒன்று. கேமராவில் தெரியும் எழுத்தையும் ஏஐ படிக்கும், மைக்கில் விழும் டிவி வசனத்தையும் கேட்கும். அவற்றில் இருப்பதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. கருவிகள் நான்கே என்றால் ஏமாந்தாலும் நடக்கக்கூடிய கெடுதல் சிறியது. அதனால் கதவுப் பூட்டையும் அடுப்பையும் இதே உதவியாளருடன் இணைக்காதீர்கள், தயவுசெய்து.

புரோக்கர், எம்கியூடிடி-யின் வழக்கமான வாசலான 1883 போர்ட்டில் கடவுச்சொல் இல்லாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். அப்படியானால் வீட்டு வைஃபையில் இருக்கும் எந்தக் கருவியும் வண்டியை ஓட்டலாம். ஏஐ சேவையின் சாவி (நுழைவுக் குறியீடு) பை-யில் தனிக் கோப்பில் இருக்கட்டும், செலவு வரம்பும் வையுங்கள். படத்தை இடைவிடாமல் அனுப்பாமல் "பார்" என்ற கருவி அழைக்கப்படும்போது ஒரே ஒரு படம் போனால் போதும். அது உங்கள் அம்மாவின் அறை.

இருசக்கரம்:

எல்லோருக்கும் நன்றி. ரீட்டெயின்தான், நானே போட்டிருக்கிறேன். நீக்கிவிட்டேன்.

ஜம்பர் இரண்டும் மாட்டியபடிதான் இருந்தன. கழற்றி ரெசிஸ்டர் போட்டாயிற்று. வேகத்தை நொடிக்கு 20 சென்டிமீட்டரில் பூட்டினேன். வண்டியை ஒரு மரக்கட்டையின் மேல் தூக்கி வைத்து, சக்கரம் சுற்றும்போது ரூட்டரின் பிளக்கைப் பிடுங்கினேன். நின்றது. பை-யின் நிரலை உறைய வைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை! துடிப்பு தனி திரெட்டில் போய்க்கொண்டிருந்தது, கீழ்த்தளம் சொன்ன அதே பிழை. மாற்றினேன், இப்போது நிற்கிறது. பம்பர் பட்டையும் படிக்கட்டு சென்சாரும் மாட்டியாயிற்று.

குழந்தை தூங்கும் நேரத்தில் மட்டும், நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் என்று வைத்திருக்கிறோம். வாக்கரில் பொத்தானும் வந்துவிட்டது. அம்மா அழுத்திப் பார்த்தார், நின்றது. மறுபடி ஓடவிட்டு மறுபடி அழுத்தினார். ஐந்தாறு முறை ஆன பிறகுதான் "சரி, இனி இருக்கட்டும்" என்றார்.

கீழ்த்தளம்:

மகிழ்ச்சி. ஒரே ஒரு கேள்வி. அந்தப் பொத்தானின் பேட்டரி தீர்ந்துபோனால் வண்டி என்ன செய்யும்? அழுத்தும்போது மட்டும் சிக்னல் அனுப்பும்படி செய்திருந்தால், பேட்டரி தீர்ந்தது யாருக்கும் தெரியாது. வண்டி ஓடும்வரை பொத்தானிலிருந்தும் துடிப்பு வந்துகொண்டே இருக்க வேண்டும், அது நின்றால் வண்டியும் நிற்க வேண்டும்.

இருசக்கரம்:

அழுத்தும்போது மட்டும்தான் அனுப்பியது. நேற்று மாற்றினேன். வண்டி கூடத்தின் நடுவில் ஓடிக்கொண்டிருந்தபோது பொத்தானின் பேட்டரியைக் கழற்றினேன். நின்றுவிட்டது. திரும்ப மாட்டியதும் தானாகக் கிளம்பவில்லை, அம்மா மறுபடி சொன்ன பிறகுதான் கிளம்பியது.