போர் தண்ணீரில் மண்ணெண்ணெய் வாடை: ஆர்.ஓ. போட்டால் போதுமா?

காலடிப்பேட்டை வாசி:
வணக்கம். சென்னை திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் 12 வீடுகள் உள்ள குடியிருப்பு, 110 அடி போர் (ஆழ்துளைக் கிணறு). மெட்ரோ வாட்டரும் (குடிநீர் வாரியத் தண்ணீர்) போர் தண்ணீரும் ஒரே சம்பில்தான் (தரைக்கடித் தொட்டி) விழுகின்றன. ஒரு மாதமாகக் காலையில் முதல் வாளித் தண்ணீரில் மண்ணெண்ணெய் வாடை. வெந்நீர் போட்டால் இன்னும் தூக்கலாக அடிக்கிறது. வாளியின் மேலே வானவில் நிறத்தில் ஒரு படலம். டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) மீட்டரில் போர் 1650, சம்ப் 900, ஆர்.ஓ. சுத்திகரிப்பு மெஷினில் வருவது 70. "எழுபதுக்கு வந்துவிட்டது, தாராளமாகக் குடிக்கலாம்" என்கிறார் சர்வீஸுக்கு வந்தவர். நம்பலாமா? லேபில் என்ன சோதனை கேட்க வேண்டும்?

நீராய்வு:
குடிக்க வேண்டாம் சார், சமைக்கவும் வேண்டாம். டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதைத்தான் அளக்கிறது. உப்பு கரைந்திருந்தால் எண் ஏறும். பெட்ரோலும் டீசலும் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் எவ்வளவு கலந்தாலும் அந்த எண் அசையாது. உங்கள் 1650 வேறு சங்கதி. கடலோரத்தில் அது பெரும்பாலும் உப்புநீர் ஏறியதாலோ கழிவுநீர் இறங்கியதாலோ வருவது. குளோரைடு மிகுந்திருந்தால் முதலாவதைச் சந்தேகியுங்கள், நைட்ரேட் 45 மி.கி.யைத் தாண்டினால் இரண்டாவதை.

முதலில் அந்தப் படலத்தை ஒரு குச்சியால் கிழித்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து துண்டு துண்டாகவே மிதந்தால் அது இரும்புச்சத்தில் வளரும் பாக்டீரியா. அசிங்கமாக இருக்கும், ஆனால் எண்ணெய் இல்லை. குச்சியை எடுத்ததும் ஓடி வந்து ஒட்டிக்கொண்டால் எண்ணெய்.

எண்ணெய் என்றால் கவலைப்பட வேண்டியது பென்சீன். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 0.01 மி.கி. ஆனால் மூக்குக்கு எட்ட லிட்டருக்கு சுமார் 10 மி.கி. வேண்டும், அதாவது ஆயிரம் மடங்கு. உங்களுக்கு இப்போது அடிக்கும் வாடை பெரும்பாலும் கூடவே வரும் மற்ற எண்ணெய்ப் பொருள்களுடையது. ஆகவே வாடை போய்விட்டது என்பதை வைத்துப் பாதுகாப்பு என்று முடிவு செய்யாதீர்கள்.

ஆர்.ஓ. சவ்வு உப்பை நன்றாகத் தடுக்கும். பென்சீன் போன்ற சிறிய, மின்னேற்றம் இல்லாத மூலக்கூறை நம்பும்படி தடுக்காது. அதைப் பிடிப்பது சவ்வுக்கு முன்னால் இருக்கும் கார்பன் ஃபில்டர்தான். வீட்டு மெஷினில் அது கொஞ்சமே இருக்கும், நிரம்பியதும் சத்தமில்லாமல் விட்டுவிடும். அன்றைக்கும் மீட்டர் 70 என்றே காட்டும்.

லேபில் "குடிநீர்ச் சோதனை" என்று மட்டும் கேட்டால் பி.எச்., கடினத்தன்மை, குளோரைடு, இரும்பு என்று கொடுப்பார்கள், எண்ணெய் அதில் வராது. என்.ஏ.பி.எல். (லேப்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள லேபில் பி.டி.இ.எக்ஸ். (பென்சீன், டொலுவீன், எத்தில் பென்சீன், சைலீன்), மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், ஃபீனால் என்று எழுதிக் கொடுங்கள். மணலி பக்கத்துத் தொழிற்சாலைப் பகுதி என்பதால் ஈயமும் (இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500-இன் வரம்பு லிட்டருக்கு 0.01 மி.கி.) மொத்த குரோமியமும் (0.05 மி.கி.) சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாதிரி எடுப்பதில்தான் பலரும் காசை வீணாக்குகிறார்கள். பெப்சி பாட்டிலில் பிடித்துக் கொடுத்தால் பென்சீன் பாதி வழியிலேயே பறந்துவிடும். லேபிடமிருந்து டெஃப்ளான் பூசிய மூடியுள்ள 40 மி.லி. கண்ணாடிக் குப்பிகளைக் கேட்டு வாங்குங்கள். குழாயை மெல்லத் திறந்து, குப்பியைச் சாய்த்துப் பிடித்து, வாய் விளிம்புக்கு மேல் தண்ணீர் குவியும்வரை நிரப்பி மூடுங்கள். கவிழ்த்து விரலால் தட்டுங்கள். ஒரு குமிழி மேலே ஓடினாலும் வேறு குப்பியில் மறுபடி பிடியுங்கள். குப்பியில் ஏற்கெனவே அமிலம் விட்டிருப்பார்கள், அது வழிந்து போகக் கூடாது. ஐஸ் பெட்டியில் 4 டிகிரியில் கொண்டுபோனால் 14 நாள் தாங்கும், அமிலம் இல்லையென்றால் 7 நாள்தான். இரவு முழுக்க ஓடாமல் இருந்த போரில் மோட்டார் போட்டதும் ஒன்று, 15 நிமிடம் ஓடிய பிறகு ஒன்று எடுங்கள். எண்ணெய் நிலத்தடி நீரின் மேல் மிதப்பது. மழைக்கும் கோடைக்கும் நீர்மட்டம் ஏறி இறங்கும்போது அதுவும் மண்ணில் அப்பிக்கொண்டே ஏறி இறங்கும். அதனால் ஒரு தடவை சுத்தம் என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

குழாய்வேலை:
ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே போர் பைப்பைச் சம்பிலிருந்து பிரித்துவிடுங்கள். வால்வை மூடினால் போதாது, வால்வு கசியும். பைப்பை அறுத்து எண்ட் கேப் போடுங்கள்.

ஊரைக் குறை சொல்லும் முன் உங்கள் காம்பவுண்டுக்குள் பாருங்கள். ஜெனரேட்டர் டீசல் டிரம் போருக்குப் பக்கத்தில் இருக்கிறதா? சப்மெர்சிபிள் மோட்டார் ஆயில் நிரப்பியதா? சீல் போனால் அந்த ஆயில் படலமாக வரும். ஆனால் அதில் மெஷின் ஆயில் வாடை அடிக்கும், மண்ணெண்ணெய் வாடை அடிக்காது.

சம்பைக் கழுவும்போது கவனம். உள்ளே காற்று இருக்கிறதா என்று மெழுகுவத்தி கொளுத்தி இறக்கிப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. எண்ணெய் வாடை உள்ள சம்பில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும். மூடியைத் திறந்துவைத்து, வெளியிலிருந்து காற்று அடித்து, மேலே ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் இறங்க வேண்டும். சிமெண்ட் பூச்சு எண்ணெயை உறிஞ்சியிருக்கும், வெறும் தண்ணீரில் போகாது. சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து இரண்டு மூன்று முறை அலசுங்கள். அந்தத் தண்ணீரை மழைநீர் வடிகாலில் விடாதீர்கள், நேராகப் பக்கிங்காம் கால்வாய்க்குத்தான் போகும்.

வாடை போக பிளீச்சிங் பவுடர் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது கிருமிக்குத்தான் மருந்து. தண்ணீரில் ஃபீனால் இருந்தால் குளோரினோடு சேர்ந்து ஆஸ்பத்திரி மருந்து வாடை கிளம்பும், முன்பைவிட மோசம்.

காலடிப்பேட்டை வாசி:
மிக்க நன்றி. குச்சியை எடுத்ததும் படலம் சேர்ந்துகொண்டது. போரைப் பிரித்து, சம்பையும் கழுவிவிட்டோம். இப்போது மெட்ரோ வாட்டர் மட்டும்தான். ஆனாலும் காலையில் லைனில் முதலில் வரும் தண்ணீரில் லேசாக வாடை இருக்கிறதே?

நீராய்வு:
அந்த விவரம் முக்கியம். தெருவிலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் இணைப்பு கறுப்பு பிளாஸ்டிக் பைப்பா? பாலிஎத்திலீன் பைப்பின் சுவர் வழியாகவே பென்சீனும் டொலுவீனும் ஊடுருவும். ஓட்டை எதுவும் வேண்டாம், சுற்றியுள்ள மண்ணில் எண்ணெய் இருந்தாலே போதும். இரவு முழுக்க நின்ற தண்ணீரில் ஏறியிருக்கும், ஓட ஓடக் குறையும். காலையில் முதலில் வருவதை ஒரு குப்பியிலும், 10 நிமிடம் கழித்து வருவதை இன்னொன்றிலும் பிடித்துக் கொடுங்கள். முதலாவதில் மட்டும் இருந்தால் காரணம் பைப். அந்த நீளத்துக்கு உலோகப் பைப் மாற்றித் தரச் சொல்லி மெட்ரோ வாட்டரிடம் (1916) எழுத்தில் கொடுங்கள்.

குழாய்வேலை:
கூடவே ஒன்று. லைனில் நேராக மோட்டார் வைத்தோ அடிபம்பை அழுத்தியோ இழுத்தால் பைப்புக்குள் அழுத்தம் குறைந்து, தளர்ந்த ஜாயிண்ட் வழியாக வெளியே தேங்கியிருப்பதை எல்லாம் உறிஞ்சும், சாக்கடையானாலும் எண்ணெயானாலும். உங்கள் தெருவில் யார் லைனில் மோட்டார் வைத்திருந்தாலும் பாதிப்பு எல்லோருக்கும்தான். தண்ணீரைத் தானாகச் சம்பில் விழவிட்டு, அங்கிருந்து ஏற்றுங்கள்.

நீராய்வு:
ஆமாம். போர் ரிப்போர்ட்டில் எண்ணெய் உறுதியானால் அதன் நகலோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மனு கொடுங்கள். 2013-இல் தண்டையார்பேட்டையில் வீட்டு போர்களில் எண்ணெய் வந்தபோது காரணம் நிலத்தடிக் குழாய்க் கசிவு. அக்கம்பக்கத்தில் நாலைந்து போர்களில் ஒரே நாளில் மாதிரி எடுத்து, எந்தப் பக்கம் அளவு கூடுகிறது என்று தெருப் படத்தில் குறித்துக் கொடுத்தால் தேட வேண்டிய திசை தெரிந்துவிடும். அதுவரை குடிக்க லாரி தண்ணீர் வாங்கினால் குளோரின் சோதனைக் கிட்டில் ஒரு முறை பாருங்கள், 0.2 மி.கி.யாவது காட்ட வேண்டும். அந்தக் கிட் எண்ணெயைக் காட்டாது. ஆகவே லாரி எங்கே நிரப்பிக்கொண்டு வருகிறது என்றும் கேளுங்கள். உங்கள் பகுதியிலேயே ஒரு தனியார் போரில் நிரப்பியது என்றால் வாங்காதீர்கள்.