புதுப்பிப்பு: ஓப்பன்-பேக் ஹெட்போன் வாங்கியாச்சு

வீட்டில் நெடுநேரம் பாட்டுக் கேட்க, காதை உறுத்தாத, விலைக்குத் தகுந்த ஓப்பன்-பேக் (காதை மூடும் கிண்ணத்தின் பின்பக்கம் திறந்திருக்கும்) ஹெட்போன் எது என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் சொன்ன சென்ஹைசர் எச்டி 560எஸ் வாங்கிவிட்டேன். ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ-யும் மனதில் இருந்தது. ஆனால் அது ஏறக்குறைய 390 கிராம், இது 240. மணிக்கணக்கில் தலையில் இருக்கும் பொருளாயிற்றே! காது மெத்தை வெல்வெட் போல மென்மை, பின்பக்கம் திறந்திருப்பதால் காது வியர்ப்பதும் இல்லை. வீணையும் மிருதங்கமும் தனித்தனியாக, தாராளமாக இடம்விட்டுக் கேட்கின்றன, அவ்வளவு சந்தோஷம். நெஞ்சை அதிரவைக்கும் பேஸ் (தாழ்ந்த, கனத்த ஒலி) வேண்டுமென்றால் இந்த வகையே ஒத்துவராது. மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) 120 ஓம், இது கூடினால் போதிய சத்தத்துக்கு அதிக மின்னழுத்தம் தேவைப்படும், ஆனாலும் என் லேப்டாப்பிலேயே போதுமான சத்தம் வருகிறது. ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப் இப்போதைக்கு வேண்டாம். அப்புறம், பாட்டு வெளியிலும் நன்றாகவே கேட்கும். அதே அறையில் யாராவது தூங்குவார்கள் என்றால் மூடிய வகையே வாங்குங்கள். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.