ஆஃப் நாளில் ஒரு தீவு: சேற்றைப் பார்க்க நாலு வெள்ளி

தீவுப் பயணம் பற்றி இங்கே மலேசியாவின் லங்காவி, இந்தோனேசியாவின் பிந்தான் என்று எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். வாரத்தில் ஒரு நாள் ஆஃப் கிடைக்கிறவனுக்கு அதெல்லாம் எட்டாது. நான் போனது புலாவ் உபின், சிங்கப்பூரைச் சேர்ந்த சின்னத் தீவு. சாங்கியிலிருந்து படகில் பத்து நிமிடம்.

சாங்கி படகுத்துறையில் நேர அட்டவணை எல்லாம் கிடையாது. 12 பேர் சேர்ந்தால் படகு கிளம்பும், தலைக்கு நாலு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). நம்ம ஊர் ஷேர் ஆட்டோ கணக்குதான். பதினோரு பேர் இருபது நிமிடமாகப் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். பையில் கட்டிய காபியோடு ஒரு சீனப் பெரியவர் நிதானமாக இறங்கி வந்தார். சொந்தக்காரர் வந்ததுபோல எல்லோருக்கும் சிரிப்பு.

இறங்கியதும் வாடகை சைக்கிள். எடுக்கும்போதே இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள், அனுபவத்தில் சொல்கிறேன். தீவின் கிழக்கு முனையில் செக் ஜாவா என்கிற கடலோரச் சேற்றுநிலம். போன தடவை தண்ணீர் ஏறிய நேரத்தில் போய், நடைபாலத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்து, வெறும் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். இந்தத் தடவை நீர்மட்டம் அரை மீட்டருக்குக் கீழே இறங்கும் காலையாகப் பார்த்துப் போனேன். அதே இடம்தானா என்று இருந்தது. கடல் பின்வாங்கி, கடல்புல் படர்ந்த திட்டு முழுக்க வெளியே கிடந்தது.

அலையாத்திக் காட்டுப் பக்கம் பாலத்தின் கீழே நண்டுகள். ஆணுக்கு ஒரு கை மட்டும் உடம்பளவு பெரிது, ஆரஞ்சு நிறம். அதை ஆட்டி ஆட்டிப் பெண்ணைக் கூப்பிடும். ஆனால் தின்ன உதவுவது இன்னொரு சின்னக் கைதான். பெண் நண்டு இரண்டு கையாலும் சேற்றை அள்ளி அள்ளி வாயில் போட, ஆண் ஒரு கையால் அவசரம் அவசரமாக அள்ளுகிறது. பந்தாவுக்குக் கொடுக்கிற விலை!

அப்புறம் அந்தச் சேற்று மீன்கள். நான் முத்துப்பேட்டைக்காரன். எங்கள் அலையாத்திக் காட்டில் இவை ஆயிரக்கணக்கில் துள்ளும். சின்ன வயதில் மண்ணாங்கட்டி எறிந்து விரட்டியிருக்கிறேன், உட்கார்ந்து பார்த்ததில்லை. இங்கே வேறு வேலை இல்லாததால் பார்த்தேன். தலைக்கு மேலே முட்டைக் கண். அதைக் கண்குழிக்குள் இழுத்து நனைத்துவிட்டு மறுபடி வெளியே தள்ளுகிறது. தோல் வழியாகவும் மூச்சு விடுகிற மீன், தோல் காய்ந்தால் சிரமம். அதனால் அவ்வப்போது ஈரச் சேற்றில் ஒருக்களித்துப் புரள்கிறது. செவுளுக்குள் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பதால் கன்னம் உப்பி, வெற்றிலை போட்ட தாத்தா முகம். ஒரே மீனை முக்கால் மணி நேரம் பார்த்திருப்பேன்.

வீடியோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். பதில் வாய்ஸ் மெசேஜில் வந்தது: “இதைப் பாக்கவா காசு குடுத்துப் போன? நம்ம வாய்க்கால்ல இறங்குனா காலையே சுத்திக்கிட்டு நிக்கும்.”

* * *

தம்பி, நல்லா எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் நடந்த அந்த இடம் தப்பியதே பெரிய கதை. மணல் கொட்டி மூட முடிவாகியிருந்தது. அழிவதற்குள் பார்த்துவிடலாம் என்று 2001இல் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்தார்கள், ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும் அங்கிருந்த உயிர்களைக் கணக்கெடுத்துக் கொடுத்தார்கள். அந்த டிசம்பரில் திட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். அப்போது நான் வேறொரு பக்கம் கடலில் மணல் கொட்டி நிலம் எடுக்கும் வேலையில்தான் இருந்தேன். நாளைக்கு எத்தனை லோடு என்பதைத் தவிர அடியில் என்ன இருக்கிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. நடைபாலம் 2007இல் திறந்ததும் போய்ப் பார்த்தேன். அந்த வருடத் தொடக்கத்தில் எதிர்க்கரையில், மலேசியாவின் ஜொகூர் பக்கம் கொட்டிய மழையில் நல்ல தண்ணீர் வந்து கலந்து, உப்புக் குறைந்து நிறைய உயிர்கள் செத்திருந்தன. இப்போது நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தேறிவிட்டது போல.

ஒரு எச்சரிக்கை: சைக்கிள் நிறுத்துமிடத்தில் சாப்பாட்டுப் பையைக் கைப்பிடியில் மாட்டாதீர்கள். நான் மாட்டினேன். திரும்பி வந்தால் காட்டுப்பன்றி ஒன்று குட்டிகளோடு என் பரோட்டாவை முடித்துவிட்டுச் சால்னாப் பையை நக்கிக்கொண்டிருந்தது.

* * *

அண்ணே, பன்றியை நானும் பார்த்தேன். அன்றைக்கு அதற்கு ஒரு சீனப் பாட்டியின் பன் கிடைத்தது. அடுத்த மாதம் தண்ணீர் நன்றாக வற்றுகிற ஞாயிறு ஒன்று இருக்கிறது, நான் போகிறேன். வருகிறவர்கள் சொல்லுங்கள், பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகுக்குக் காத்திருக்க வேண்டாம்.