வால்பாறை போறேன்: சோலைமந்தி, இருவாச்சி, காட்டுப்பூ எடுக்க எந்த லென்ஸ், எப்படி எடுக்கறது?

தாராபுரத்தான்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. ஐப்பசி முதல் வாரம் வீட்ல எல்லாரோடவும் வால்பாறை போறோம், ரெண்டு நாள் தங்கல். கையில பழைய கேனான் கிராப் பாடி (சின்ன சென்சார் கேமரா), கூட வந்த 18-55 லென்ஸ், அப்புறம் தூரத்துல இருக்கறத எடுக்க ஒரு 70-300 லென்ஸ் இருக்குது. சோலைமந்தியும் (சிங்கவால் குரங்கு) இருவாச்சியும் (பெரிய அலகு இருக்கற பறவை) நல்லா ஒரு படமாவது எடுத்துரணும்னு ரொம்ப நாள் ஆசை, வீட்டுக்காரம்மாவுக்கு மலைல இருக்கற காட்டுப்பூவெல்லாம் வேணும்.

எனக்கு ரெண்டு பிரச்சினைங்க. மரத்து மேல இருக்கற குரங்கு எடுத்தா மூஞ்சி கரிக்கட்டையா வருது, வானம் மட்டும் வெள்ளையா இருக்கு. செங்காந்தள் மாதிரி செவப்பு பூ எடுத்தா இதழ்ல இருக்கற கோடு சுருக்கம் ஒண்ணுமே தெரியாம வெறும் செவப்பா அப்பிக்குது. வாடகைக்கு இன்னும் தூரம் எட்டற 150-600 லென்ஸ் எடுக்கலாமா, இல்ல சின்னத கிட்டக்க பெருசா எடுக்கற மேக்ரோ லென்ஸ் எடுக்கலாமா? இன்னொண்ணு, வண்டிக்கு பேசின டிரைவர் போன்ல பறவை சத்தம் போட்டா அதுவே பக்கத்துல வரும், நான் வரவழைச்சு தர்றேன்னு சொல்றாரு. அது சரிதானுங்களா?

மழைக்காடு:
வாங்க ப்ரோ. ரெண்டு லென்ஸும் வேண்டாம், காச மிச்சம் பண்ணுங்க. வால்பாறைல சோலைமந்திக்கு 70-300 தாராளம். டவுனுக்கு பக்கத்துலயே புதுத்தோட்டம் பக்கம் ஒரு கூட்டம் ரோட்டோரமாவே திரியும், ஆளுங்கள பார்த்து பழகினது, 600 வச்சா பாதி நேரம் ஃப்ரேமுக்குள்ளயே அடங்காது.

மூஞ்சி கருப்பா வர்றது லென்ஸ் கோளாறு இல்ல. உடம்பு பூரா கருப்பு, சுத்தி வெளிச்சமான வானம், கேமரா மொத்தத்தையும் சராசரி பண்ணி வானத்துக்கு தகுந்த மாதிரி குறைச்சிடும். வானம் பின்னாடி இருந்தா எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (கேமரா போட்ட வெளிச்சக் கணக்க நாமளே கூட்டிக் குறைக்கறது) ப்ளஸ் 1, தேவைப்பட்டா இன்னும் கொஞ்சம் ஏத்துங்க. அதே குரங்கு இறங்கி இருட்டான இலைக்கூட்டத்து முன்னாடி வந்து உக்காந்தா கதை தலைகீழ், அப்ப மைனஸ் 0.7 வைக்கலேன்னா கருப்பு முடி சாம்பலாகி பிடரி வெளுத்துப் போயிடும். பிடரில நரைச்ச முடி ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரிஞ்சா எக்ஸ்போஷர் சரின்னு வச்சுக்கங்க. என்னைக் கேட்டா வானம் பின்னாடி இருக்கறப்ப எடுக்கவே வேண்டாம், அது நகர்ந்து பச்சை பின்னாடி வர்ற வரைக்கும் நில்லுங்க. மேகமூட்டம்னா வருத்தப்படாதீங்க, கருப்பு முடிக்கு அதவிட நல்ல வெளிச்சம் கிடையாது.

ஷட்டர் வேகம் செகண்டுல 500ல ஒண்ணுக்கு கீழ போகாதீங்க, ஆட்டோ ஐஎஸ்ஓ (வெளிச்சம் கம்மின்னா கேமராவே படத்த பிரகாசமாக்கறது) போட்டு 3200 வரைக்கும் விடுங்க, நாய்ஸ (படத்துல வர்ற புள்ளி புள்ளிய) பின்னாடி சரி பண்ணலாம், ஷேக் ஆனத ஒண்ணும் பண்ண முடியாது. இருவாச்சி பறக்கறப்ப 1600ல ஒண்ணு வேணும். ஆள் தெரியறதுக்கு முன்னாடியே இறக்கை சத்தம் பலமா கேக்கும், அத வச்சே கேமராவ எந்தப் பக்கம் திருப்பணும்னு தெரிஞ்சிடும். நாலஞ்சு தடவ இறக்கை அடிச்சிட்டு அப்படியே விரிச்சு மிதக்கும், அந்த மிதக்கற நேரத்துல அழுத்துங்க. கண்ணு செவப்பா இருந்தா ஆண், வெளுத்து இருந்தா பெண்.

எஸ்டேட்காரி:
அண்ணா, நான் இங்கயே பொறந்து வளர்ந்தவ. போட்டோ செட்டிங் எனக்கு அவ்ளோ தெரியாது, ஊர் விஷயம் சொல்றேன். ஆழியார்ல இருந்து ஏறும்போது 9வது கொண்டை ஊசி வளைவு வியூ பாயிண்ட்ல காலைல வரையாடு நிக்கும், தமிழ்நாட்டோட மாநில விலங்கு ரோட்டோரத்துலயே கிடைக்கும், அங்க வண்டிய ஓரமா நிறுத்தி பொறுமையா எடுங்க. திங்க எதுவும் தயவுசெஞ்சு குடுக்காதீங்க, குழந்தைங்க பிஸ்கட் நீட்டினா நீங்கதான் தடுக்கணும்.

புதுத்தோட்டம் ரோட்டுக்கு மேல இந்தப் பக்க மரத்துல இருந்து அந்தப் பக்க மரத்துக்கு பாலம் மாதிரி கட்டி விட்டிருப்பாங்க, குரங்கு ரோட்டுல இறங்காம மேலயே கடந்து போகத்தான். சாப்பாடு போட்டா பாலத்த விட்டுட்டு ரோட்டுக்கு இறங்குது, வண்டில அடிபடுது. எங்க கண்ணு முன்னாடி நடக்கறதுங்கறதால சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. வெடிப்பலா (முள்ளு முள்ளா காய் காய்க்கற காட்டு மரம்) காய்ச்சிருக்கற மரமா பாருங்க, குரங்கு அத சாப்பிட வந்தா ரொம்ப நேரம் அங்கயே இருக்கும், நீங்க தள்ளி நின்னாலே போதும்.

இருட்டுன அப்புறமும் விடியறதுக்கு முன்னாடியும் எஸ்டேட் ரோட்டுல நடக்காதீங்க. சில இடத்துல கம்பத்துல சிவப்பு லைட் எரியும், பக்கத்துல யானை இருக்குன்னு அர்த்தம், அத பார்த்துட்டும் படம் எடுக்கலாம்னு முன்னாடி போகாதீங்க. சாயங்காலம் மழை பிடிச்சா விடாது, காலைல எடுக்கறதுதான் உங்களுக்கு படம். அட்டைக்கு சாக்ஸ் வாங்கிட்டு வாங்க.

பூத்தேடி:
பூ கேள்விக்கு நான் வர்றேன். செவப்பு அப்பிக்கறதுக்கு காரணம் கேமரா பதியற மூணு நிறத்துல செவப்பு சேனல் மட்டும் தனியா நிரம்பி வழியறது, சாதாரண ஹிஸ்டோகிராம்ல (வெளிச்சத்தோட அளவ காட்டற வரைபடம்) எல்லாம் சரியா இருக்கற மாதிரி காட்டும். கேமராவுல ஆர்ஜிபி ஹிஸ்டோகிராம் (செவப்பு, பச்சை, நீலம் தனித்தனியா காட்டறது) ஆன் பண்ணுங்க, செவப்பு வலது ஓரத்துல முட்டாத அளவுக்கு மைனஸ் 0.7, சில சமயம் மைனஸ் 1 வரைக்கும் குறைங்க, ரா ஃபார்மேட்ல (பின்னாடி நல்லா திருத்தலாம்) எடுங்க. நேர் வெயில்ல எடுக்காதீங்க, குடைய பிடிச்சு நிழல் பண்ணுங்க, காத்தும் மறையும்.

மேக்ரோ இல்லாமயே எடுக்கலாம். 70-300ஐ 300ல வச்சு அது ஃபோகஸ் ஆகற குறைஞ்ச தூரத்துக்கு வாங்க, பின்னாடி எல்லாம் கரைஞ்சு பூ மட்டும் நிக்கும். ரொம்ப சின்னப் பூன்னா எக்ஸ்டென்ஷன் ட்யூப் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவுல மாட்டற வெறும் குழாய், இன்னும் கிட்ட போய் எடுக்கலாம்) ஒண்ணு வாங்கிக்கங்க, லென்ஸ் வாடகைய விட கம்மிதான். வால்பாறைல மழைக்கு அப்புறம் தண்ணி கசியற பாறை, ரோடு வெட்டின மண்சுவர், அங்கெல்லாம் காட்டுக் காசித்தும்பை வகைகள் பூத்திருக்கும், நிறைய மேற்குத் தொடர்ச்சி மலைய விட்டா வேற எங்கயும் கிடையாது. நின்னுகிட்டு மேல இருந்து எடுக்காதீங்க, பூ உயரத்துக்கு உக்காருங்க, அதுக்காக பக்கத்து செடிய பிடுங்கி இடம் பண்ணவும் வேண்டாம். நனைஞ்ச இலை பளபளன்னு வெள்ளையடிச்சா போலரைசர் (லென்ஸ் முன்னாடி மாட்டற பளபளப்ப குறைக்கற ஃபில்டர்) போட்டு திருப்புங்க, பச்சை திரும்பி வந்துடும்.

செங்காந்தளுக்கு வால்பாறை எதுக்குங்க, உங்க ஊர்ப்பக்கம் மூலனூர்ல கண்வலிக்கிழங்குன்னு வயல்லயே பயிர் பண்றாங்களே! தோட்டக்காரர்கிட்ட கேட்டுட்டு காலைல போங்க. இதழ் ஆறும் மேல்நோக்கி வளைஞ்சு நிக்கும், மகரந்தத்தாள் ஆறும் சுத்தி விரிஞ்சு நிக்கும், நடுவுல இருக்கற சூல்தண்டு மட்டும் அடியிலயே மடங்கி ஒரு பக்கமா வெளிய நீட்டிட்டு இருக்கும். தன் மகரந்தம் தனக்கே சேராம தள்ளி நிக்குது, அதனாலதான் ஆள் வச்சு பூவுக்குப் பூ கையால மகரந்தம் தொட்டு விடறாங்க, அந்தக் கை கூட நல்ல படம். மடங்கின தண்டு தெரியற பக்கமா, பக்கவாட்டுல எஃப் 11 (லென்ஸ் துவாரத்த சின்னதாக்கி பூ முழுசும் தெளிவா வர) வச்சு எடுங்க. மேல இருந்து எடுத்தா இந்த அமைப்பு ஒண்ணுமே தெரியாது. ஒரே கொடியில புதுசா விரிஞ்சது மஞ்சளா, பழசு முழு செவப்பா இருக்கும், இலை நுனி சுருண்டு பக்கத்து குச்சிய பிடிச்சிருக்கும், அதையும் விடாதீங்க. செடி விஷம், முக்கியமா கிழங்கு, குழந்தைங்க கை வைக்காம பாத்துக்கங்க.

கோவை கிளிக்:
சத்தம் போடறது பத்தி ஒருத்தரும் சொல்லல. ஒரு தடவ ரெண்டு தடவ போட்டா என்ன ஆயிடும்? எல்லாரும் பண்றதுதான், இவரு ரெண்டே நாள்தான் போறாரு பாவம்.

மழைக்காடு:
இல்லங்க, இதுல ஒத்துக்க மாட்டேன். இவரு ரெண்டு நாள் போறாரு, ஆனா அந்த டிரைவர் வாரம் பூரா அதே வளைவுல அதே பறவைக்கு போடுவாரு. தன் இடத்துக்குள்ள இன்னொருத்தன் புகுந்துட்டான்னு நினைச்சு அது இரை தேடறத விட்டுட்டு கத்திகிட்டு சுத்தும். அப்படி வந்த பறவை படத்துல பாருங்க, உடம்பு விறைச்சு, இறகு ஒட்டிப்போய், பதட்டம் தெரியும். தானா வந்து பழம் தின்னற பறவை படம் எவ்ளோ நல்லா இருக்கும்?

கூடு காட்டறேன்னு யாராவது சொன்னாலும் போகாதீங்க, இப்ப சீசன் இல்ல, தை மாசத்துக்கு அப்புறம்தான். பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள்ள போய் வாசல அடைச்சுக்கும், சின்ன இடுக்கு வழியா ஆண் கொண்டு வர்ற பழம்தான் அதுக்கும் குஞ்சுக்கும் சோறு. கீழ நாலு பேரு கேமராவோட நின்னா ஆண் பக்கத்து மரத்துலயே உக்காந்திருக்கும், உள்ள பட்டினி. பழுத்த அத்தி மரம் எங்கன்னு டிரைவர்கிட்ட கேளுங்க, அதுக்கு காசு குடுங்க.

தாராபுரத்தான்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். லென்ஸ் வாடகைக்கு எடுக்கல, ட்யூப் மட்டும் ஆர்டர் போட்டுட்டேன். டிரைவர்கிட்ட பேசினேன், சத்தம் எல்லாம் வேண்டாம், அத்தி மரம் இருந்தா காட்டுங்கன்னு சொன்னேன், ரெண்டு இடம் தெரியும்னாரு. எஸ்டேட்காரி, ஒரு கேள்விம்மா, மரம் எஸ்டேட்டுக்குள்ள இருந்தா உள்ள போகலாமா?

எஸ்டேட்காரி:
ஆபீஸ்ல கேட்டுட்டு போங்கண்ணா, சில எஸ்டேட்ல விடுவாங்க, சில இடத்துல மாட்டாங்க. ரோட்டுல இருந்தே தெரியற மரம்னா வண்டிக்குள்ள உக்காந்தே எடுங்க, நீங்க இறங்கினாத்தான் அது பறக்கும். ஃபாரஸ்ட் எல்லைக்குள்ள அனுமதி இல்லாம கால் வைக்காதீங்க, ட்ரோனும் கொண்டு வந்துடாதீங்க.

பூத்தேடி:
ட்யூப் வந்ததும் வீட்டுத் துளசிப் பூவுல பழகிட்டு போங்க. ஃபோகஸ் ரிங்க தொடாம உடம்ப முன்ன பின்ன சாய்ச்சு ஃபோகஸ் பிடிக்கறதுதான் அதுல வேலையே. படம் எடுத்ததும் இங்க போடுங்க, காசித்தும்பை எந்த வகைன்னு பார்க்க இலையும் பூவோட பின்பக்க வாலும் தெரியற மாதிரி ஒண்ணு சேர்த்து எடுத்துக்கங்க.