கல்லூரி இணையதளத்தை எல்லாரும் அணுகும்படி மாற்றும் வேலையை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி

வணக்கம். சென்ற பருவத்திலிருந்து ஒரு கல்லூரியின் இணையதளப் பொறுப்பைக் கவனித்து வருகிறேன். அண்மையில் பார்வையற்ற மாணவி ஒருவர் அலுவலகத்துக்கு நேரில் வந்து, தேர்வுக் கால அட்டவணையைத் தம்முடைய கைப்பேசி வாசிக்கவில்லை என்று சொன்னார். திறந்து பார்த்தால், அது கையொப்பமிட்ட தாளை ஸ்கேன் செய்து ஏற்றிய பிடிஎஃப். திரையில் உள்ள எழுத்தை ஒலியாகப் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானைப் பொறுத்தவரை அதில் ஓர் எழுத்துகூட இல்லை. இத்தகைய கோப்புகள் பல ஆண்டுகளாகச் சேர்ந்து ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. நிர்வாகத்திடம் தெரிவித்தபோது, எழுத்தைப் பெரிதாக்கவும் நிறத்தை மாற்றவும் உதவும் ஒரு கருவிப்பட்டையைத் தளத்தின் ஓரத்தில் பொருத்தினால் ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நிறுவனம் கூறியிருப்பதாகச் சொன்னார்கள். அது போதுமா? போதாதென்றால், இரண்டு பேர் மட்டுமே உள்ள எங்கள் பிரிவு எதை முதலில் கையில் எடுக்க வேண்டும்?

பதில் 1

போதாது. ஸ்கேன் செய்த படத்துக்குள் எந்தக் கருவிப்பட்டையும் எழுத்தைக் கொண்டுவந்து வைக்காது. திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவர் தமக்குப் பழகிய மென்பொருளுடனும் அமைப்புகளுடனும்தான் வருகிறார்; அவருக்கு வேண்டியது உங்கள் பக்கத்தின் அடிப்படைக் கட்டமைப்பு ஒழுங்காக இருப்பது.

இணையத்துக்கான தரநிலைகளை வகுக்கும் உலகளாவிய வலைச் சேர்த்தியம் (W3C) 1999இல் முதன்முதலாக வெளியிட்ட அணுகல் வழிகாட்டு நெறிகள் இப்போது 2.2ஆம் பதிப்புக்கு வந்திருக்கின்றன (அக்டோபர் 2023). அவற்றில் இடைநிலையான இரட்டை ஏ நிலையை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஆவணத்தின் நீளத்தைக் கண்டு மலைக்க வேண்டாம். முதலில் சுட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, டேப், என்டர், அம்புக்குறி விசைகளை மட்டும் கொண்டு ஒரு மாணவர் சேர்க்கை விண்ணப்பத்தை முழுமையாக நிரப்பிப் பாருங்கள். எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரியவில்லை, ஒரு பட்டியலுக்குள் நுழைந்தால் வெளியே வர முடியவில்லை என்பன போன்ற பெரிய தடைகள் பலவும் அந்த அரைமணி நேரத்திலேயே தெரிந்துவிடும்.

நிற வேறுபாட்டைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். வழக்கமான அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 விகிதம் வேண்டும். வெள்ளைப் பின்னணியில் பலர் விரும்பி இடும் #777777 என்ற சாம்பல் நிறம் 4.48 மட்டுமே தருகிறது. ஒரே ஒரு படி அடர்த்தியாக்கி #767676 என்று வைத்தால் தேறிவிடும். தானியங்கிச் சோதனைக் கருவிகள் இதைத் துல்லியமாகச் சொல்லும். ஆனால் ஒரு படத்தைப் பார்க்க இயலாதவருக்காக அதை விவரித்து எழுதிய மாற்று உரை பொருளுள்ளதா என்பதை அவற்றால் சொல்ல இயலாது.

பதில் 2

நான் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவன். நான் படித்த கல்லூரியின் விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டத்துக்கும் அதில் எதை நிரப்ப வேண்டும் என்று வாசிப்பானுக்குச் சொல்லும் பெயர்ச்சீட்டு நிரலில் இணைக்கப்பட்டிருக்கவில்லை. "பெயர்", "பிறந்த தேதி" என்பவை திரையில் பக்கத்திலேயே அச்சாகியிருந்தாலும், என் காதில் விழுந்ததெல்லாம் "எடிட், பிளாங்க்" என்பது மட்டும்தான். ஊகித்து ஊகித்து நிரப்பிக் கொண்டிருந்தபோதே நேரம் முடிந்துவிட்டதென்று தளம் என்னை வெளியேற்றிவிட்டது. மீண்டும் நுழைய, படத்தில் வளைந்திருக்கும் எழுத்துகளைப் பார்த்துத் தட்டெழுத வேண்டியிருந்தது. கடைசியில் என் தம்பியை அழைத்து, கடவுச்சொல்லை வாய்விட்டுச் சொல்லித்தான் அந்த விண்ணப்பத்தை அனுப்பினேன். பிறர் உதவியை ஏற்பதில் எனக்குத் தயக்கமில்லை. என் இரகசியத்தை இன்னொருவரிடம் சொன்னால்தான் படிக்க இடம் கிடைக்கும் என்ற நிலைதான் மனத்தை வருத்தியது.

நான் சொன்ன எல்லாவற்றுக்கும் நெறிகளில் விடை உண்டு. நேரம் முடியுமுன் எச்சரித்து, எளிய ஒரு செயலால் நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 வினாடி தர வேண்டும். நுழைவதற்குப் படத்தைப் பார்த்து எழுதுவதையே ஒரே வழியாக வைக்கக்கூடாது என்பதை 2.2ஆம் பதிப்பு சேர்த்திருக்கிறது.

தலைப்புகளையும் மறந்துவிடாதீர்கள். எச் விசையைத் தட்டித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவித்தான் நாங்கள் ஒரு பக்கத்தை நோட்டமிடுகிறோம். எழுத்தைத் தடித்ததாக்கினால் மட்டும் அது தலைப்பாகிவிடாது. இணைப்புகளைத் தனிப் பட்டியலாகக் கேட்கும் வசதியும் எங்களுக்கு உண்டு. அதில் "இங்கே சொடுக்கவும்" என்பதே நாற்பது முறை வந்தால், எது எங்கே போகிறதென்று எப்படி அறிவது?

பதில் 3

பாடக் குறிப்புகள் தயாரிக்கும் ஆசிரியர் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். தளத்தை எவ்வளவு செம்மை செய்தாலும், துறைகளிலிருந்து நாள்தோறும் வரும் கோப்புகள் பழைய முறையிலேயே இருந்தால் உங்கள் இருவருடைய உழைப்பும் வீணாகும். வேர்டில் தலைப்புப் பாணிகளைப் பயன்படுத்தி எழுதிய ஆவணத்தை "பிடிஎஃபாகச் சேமி" என்று கொடுத்தால் கட்டமைப்பு உடன் வரும்; அதே ஆவணத்தை அச்சிடும் வழியாகப் பிடிஎஃபாக்கினால் போய்விடும். இந்த வேறுபாடு எங்கள் துறையில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை, எனக்கும்தான்.

தமிழுக்கென்று ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. யூனிகோடுக்கு முந்தைய பல எழுத்துருக்களில் தட்டெழுதியவை கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இலத்தீன் எழுத்துகளாகவும் குறியீடுகளாகவும் இருப்பதால், வாசிப்பான் அவற்றை உளறலாகவே ஒலிக்கும். அவற்றை மாற்றியே ஆக வேண்டும். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் அறிவிப்பதும் தேவை.

விரிவுரைக் காணொளிகளில் தானாக உருவாகும் வசனவரிகளை அப்படியே விட்டுவிடாதீர்கள். கலைச்சொற்கள்தாம் அவற்றில் அதிகம் பிழையாகின்றன. காது கேளாத மாணவர் பாடத்தைப் புரிந்துகொள்ள நம்பியிருப்பதும் அந்தச் சொற்களைத்தான். கணிதச் சமன்பாடுகளைப் படமாக ஒட்டாமல் மேத்எம்எல் என்ற, கணிதத்தை நிரலாக எழுதும் வடிவில் தந்தால் அவற்றையும் வாசிக்கச் செய்ய முடியும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. பழைய கோப்புகள் அனைத்தையும் உடனே மாற்றப் புறப்படாமல், சேர்க்கை விண்ணப்பம், கால அட்டவணை, தேர்வு முடிவு ஆகிய மூன்றையும் முதலில் சரிசெய்வதென்றும், இனி ஸ்கேன் செய்த அறிவிப்பு எதையும் தனியாக ஏற்றுவதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறோம். பழையவற்றை, கேட்பவருக்கு மூன்று வேலை நாளுக்குள் மாற்றித் தருவோம். அட்டவணையை எச்டிஎம்எல் பக்கமாகவே தர எண்ணுகிறேன். அதில் கவனிக்க வேண்டியது என்ன?

பதில் 2

நாள்களையும் வேளைகளையும் தலைப்புக் கட்டங்களாகக் குறித்துவிடுங்கள். அப்படிச் செய்தால் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு நகரும்போது "செவ்வாய், முற்பகல், இயற்பியல்" என்று காதில் விழும். இல்லையென்றால் "இயற்பியல்" மட்டும்தான் கேட்கும், என்றைக்கு என்று தெரியாது. கட்டங்களை ஒன்றாக இணைப்பதைக் கூடியவரை தவிருங்கள். வெளியிடும் முன் அந்த மாணவியிடமே கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அதை ஒரு வேலையாக மதித்து, அதற்குரிய ஊதியத்தையும் அவருக்குக் கொடுங்கள்.